கடலைக் கேட்டு எழுதியவர்: எர்னஸ்ட் ஹெமிங்வே

சென்ற ஆண்டு பருவ விடுமுறையில் என் மாமாவும் அவருடைய நண்பர்கள் மூவரும் சேர்ந்து குவாலா ரொம்பினில் ஒரு படகை வாடகைக்கு எடுத்தார்கள். கெஞ்சிக் கேட்டு நானும் அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். பகாங் மாநிலக் கடற்கரையில் இருக்கும் அந்தச் சிற்றூர் லாயாரான் மீனுக்குப் பெயர் போனது. முதுகில் பாய் விரித்தாற்போன்ற துடுப்பும் ஈட்டிபோல் நீண்ட மூக்கும் கொண்ட அந்த மீன், உலகப் புகழ்பெற்ற மார்லின் மீனுக்கு நெருங்கிய உறவு.

படகின் தெக்கோங் வயதான மலாய்க்காரர். பாக்சிக் என்றே நாங்கள் அழைத்தோம். கடல்மேல் வட்டமிட்ட பறவைகளைக் கண்டு படகைத் திருப்பியவர் அவர். உயிருள்ள செலார் மீனைத் தூண்டிலில் கோத்து நீரில் விட்டவர் அவர். கயிறு அதிர்ந்ததை விரலால் உணர்ந்து, தூண்டிற்கோலை மாமாவின் கையில் திணித்தவரும் அவரே. மாமா வியர்க்க விறுவிறுக்க அரை மணி நேரம் போராடி மீனைப் படகருகே கொண்டுவந்தார். பாக்சிக் குனிந்து அதன் மூக்கைப் பற்றினார். படம் எடுத்தோம். பிறகு அவர் முள்ளைக் கழற்றி, மீனுக்கு மூச்சு திரும்பும்வரை நீரிலேயே பிடித்திருந்து விட்டுவிட்டார்.

அன்றிரவே அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. படத்தில் மாமா சிரிக்கிறார், மீன் பளபளக்கிறது, ஓரத்தில் கையுறை அணிந்த ஒரு கை மணிக்கட்டு வரை மட்டும் தெரிகிறது. மாமா பிடித்த மீன் என்று எல்லாரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். பிறகுதான் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. உண்மையில் அந்த மீனைப் பிடித்தவர் யார்? பாக்சிக்கின் பெயரைக்கூட எங்களில் ஒருவரும் கேட்டு வைத்திருக்கவில்லை.

அந்தக் கேள்வி என்னைக் குத்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. முதலாம் ஆண்டில் நான் எழுதிய சிறுகதை ஒன்றுக்குப் பரிசு கிடைத்தது. பால்மரம் வெட்டிய ஒரு பெண்ணின் கதை அது. கதை என் பாட்டியுடையது. பரிசு கிடைத்ததைப் பாட்டியிடம் நான் சொல்லவே இல்லை.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்தேன். பெரிய மீன்களைத் தேடி வாடகைப் படகில் கடலுக்குப் போனவர். கடற்கரை மனிதர்களிடம் கேட்ட ஒரு கதையால் உலகப் புகழ் பெற்றவர். அவர்தான் எர்னஸ்ட் ஹெமிங்வே. அவருடைய வாழ்க்கை முழுவதையும் இங்கே சொல்ல இயலாது. கடலோடும் மீனோடும் பின்னிக் கிடந்த பகுதியையே நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஏரிக்கரையில் தொடங்கியது

அமெரிக்காவின் சிக்காகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில் 1899-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் ஹெமிங்வே பிறந்தார். தந்தை கிளாரன்ஸ் மருத்துவர். தாயார் கிரேஸ் இசை ஆசிரியை. கோடைதோறும் குடும்பம் மிச்சிகன் மாநிலத்தில் வாலூன் ஏரிக்கரையில் இருந்த தங்கள் குடிலுக்குப் போய்விடும். மகன் நடை பழகிய வயதிலேயே தந்தை அவருடைய கையில் தூண்டிலைக் கொடுத்துவிட்டார். மீன் எங்கே ஒதுங்கும், எப்போது இரையெடுக்கும் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்த முதல் ஆசான் தந்தையே.

பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்குச் சற்று உறைக்கும் செய்தி ஒன்று உண்டு. ஹெமிங்வே பல்கலைக்கழக வாசலையே மிதிக்கவில்லை. 1917-இல் பள்ளிப் படிப்பை முடித்ததும் கன்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழில் நிருபராகச் சேர்ந்தார். அந்த நாளிதழ் தன் நிருபர்களுக்கென ஓர் எழுத்து விதிமுறை வைத்திருந்தது. வாக்கியம் சிறியதாக இருக்க வேண்டும். மொழி வீரியத்தோடு இருக்க வேண்டும். தேவையற்ற அடைமொழி கூடாது. அங்கே பணியாற்றியது ஏழே மாதங்கள்தாம் என்றாலும், அங்கு கற்றதை அவர் ஆயுள் முழுதும் மறக்கவில்லை.

அதன் பயனை நானும் அனுபவித்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, புகுமுக வகுப்பைத் தாண்டி, தேசிய இடைநிலைப்பள்ளியில் தடுமாறிக்கொண்டிருந்த எனக்கு ஆங்கில நாவல் என்றாலே நடுக்கம். நூலகத்தில் மெலிந்த புத்தகமாகத் தேடியபோது கையில் சிக்கியது கிழவனும் கடலும் பற்றிய அவருடைய நூல். அகராதியைத் தேடி ஓடாமல் நான் படித்து முடித்த முதல் ஆங்கில நூல் அதுதான். தமிழில் அது 'கடலும் கிழவனும்' என்ற பெயரில் வந்திருக்கிறது.

முதல் உலகப்போரின்போது செஞ்சிலுவைச் சங்க மருத்துவ ஊர்தி ஓட்டுநராக ஹெமிங்வே இத்தாலிக்குப் போனார். 1918 ஜூலையில், பத்தொன்பது வயது நிறைவதற்குச் சில நாள் முன்பு, குண்டு வெடித்து இரு கால்களிலும் படுகாயமடைந்தார். 1921-இல் திருமணம் முடித்துப் பாரிஸ் நகருக்குக் குடியேறினார். அடுத்த ஆண்டு ரயில் நிலையத்தில் அவருடைய மனைவியிடமிருந்த பெட்டி களவு போனது. அதுவரை எழுதியவற்றில் பெரும்பகுதி அந்தப் பெட்டியில்தான் இருந்தது. அந்த இழப்பிலிருந்து எழுந்து, 1926-இலும் 1929-இலும் வெளியான இரு நாவல்களால் முப்பது வயதிலேயே புகழின் உச்சியைத் தொட்டார். ஆனால் அந்த இரண்டுக்கும் இடையே, 1928 டிசம்பரில், தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

பவளத்திட்டுக்கு அப்பால்

அதே 1928-ஆம் ஆண்டில்தான் ஹெமிங்வே புளோரிடாவின் தென்கோடியில் இருக்கும் கீ வெஸ்ட் தீவுக்கு வந்து சேர்ந்தார். அந்தத் தீவுக்கூட்டத்தின் ஓரமாக நெடுந்தூரத்துக்குப் பவளத்திட்டு நீண்டு கிடக்கிறது. திட்டுக்கு உட்புறம் கடல் ஆழமற்றது. நீர் வெளிர்பச்சையாக இருக்கும். திட்டைத் தாண்டினால் தரை சட்டென்று இறங்கி நீர் கருநீலமாக மாறிவிடும். வளைகுடா நீரோட்டம் எனப்படும் வெதுவெதுப்பான மாபெரும் நீரோட்டம் அந்த ஆழத்தில்தான் ஓடுகிறது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து புறப்பட்டு, புளோரிடாவுக்கும் கியூபாவுக்கும் நடுவே புகுந்து, அட்லாண்டிக் கடலுக்குள் செல்லும் ஆறு அது என்றே சொல்லலாம்.

பவளத்திட்டு மீன்கள் வேறு, மார்லின் வேறு. மார்லின் திட்டில் குடியிருக்கும் மீன் அன்று. அது ஆழ்கடலில் ஓயாமல் நீந்திக்கொண்டிருக்கும் வழிப்போக்கன். சூரை, பறவைக்கோலா போன்ற மீன்களைத் துரத்திக்கொண்டு திட்டின் விளிம்பருகே வரும். ஆகவே அதைப் பிடிக்க விரும்புகிறவன் பச்சை நீரைவிட்டு நீல நீருக்குப் போகத்தான் வேண்டும். நீல மார்லினில் பெண் மீனே பெரியது. ஆண் மீன் அதன் பாதி எடையைக்கூட எட்டுவது அரிது.

1932-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஹெமிங்வே கீ வெஸ்ட்டில் மதுக்கடை வைத்திருந்த ஜோ ரஸ்ஸல் என்பவரின் படகை வாடகைக்கு எடுத்தார். படகின் பெயர் அனிடா. வாடகை நாளொன்றுக்குப் பத்து டாலர். மதுவிலக்குக் காலத்தில் கியூபாவிலிருந்து சாராயம் கடத்தி வந்த படகு அது. நீரோட்டத்தைக் கடந்து ஹவானாவுக்குப் போய் இரண்டு வாரம் மீன் பிடித்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். அந்த இரண்டு வாரம் இரண்டு மாதமாக நீண்டது. அந்த ஒரு பருவத்தில் அவர் பத்தொன்பது மார்லின் பிடித்தார். மறு ஆண்டு அந்த எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது.

ஹவானாவில் கடல் கரையோரத்திலேயே ஆழமாகிவிடுகிறது. எனவே நீரோட்டம் நகரத்துக்கு மிக அருகிலேயே ஓடுகிறது. மாளிகைகளும் கோட்டையும் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே மார்லின் கிடைக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கடலெல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும், மீன் இருக்கும் கடல் எது என்பதை வெளியூர்க்காரர் எப்படி அறிவார்? அதைச் சொல்லித் தந்தவர் கார்லோஸ் குட்டியேரெஸ் என்ற கியூப மீனவர். சிறுவயதிலேயே தந்தையோடு கடலுக்குப் போகத் தொடங்கியவர் அவர்.

கார்லோஸைப் போன்ற மீனவர்கள் சிறிய துடுப்புப் படகில், சுழலும் ரீல் எதுவுமின்றி, வெறுங்கையால் கயிறு பிடித்துப் பிழைத்தவர்கள். வெவ்வேறு ஆழத்தில் இரையைத் தொங்கவிட்டுப் படகை நீரோட்டத்தின் போக்கில் மிதக்க விடுவார்கள். கீழைக்காற்று வீசும் நாளில் மார்லின் நீரோட்டத்தை எதிர்த்து மேற்பரப்பில் வரும் என்பதும், காற்று மாறினால் ஆழத்துக்குப் போய்விடும் என்பதும் அவர்களுக்குக் கைவந்த அறிவு. ஹெமிங்வே அதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1933-இல் எஸ்குவயர் இதழில் அவர் எழுதிய மார்லின் கட்டுரையில் கார்லோஸின் பெயரை வெளிப்படையாகவே எழுதினார். என் மாமாவின் படத்தில் கை மட்டும் தெரிந்ததல்லவா? ஹெமிங்வேயின் கட்டுரையில் அந்தக் கைக்கு ஒரு பெயர் இருந்தது.

பிலார் என்னும் படகு

1934-ஆம் ஆண்டில் ஹெமிங்வே சொந்தப் படகு வாங்கினார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வீலர் நிறுவனம் கட்டிய முப்பத்தெட்டு அடிப் படகு அது. விலை ஏறக்குறைய 7,500 டாலர். எஸ்குவயர் இதழ் ஆசிரியர் எழுதப்போகும் கட்டுரைகளுக்காக முன்பணமாகத் தந்த 3,000 டாலரை வைத்துத்தான் படகுக்குப் பணம் கட்டத் தொடங்கினார். பிலார் என்று பெயரிட்டார். கார்லோஸும் அதில் பணியாளராகச் சேர்ந்தார்.

அவ்வாண்டுக் கோடையில் பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்திலிருந்து இருவர் அந்தப் படகுக்கு விருந்தினராக வந்தனர். கழகத்தைச் சேர்ந்த கட்வாலடர் ஒருவர். மீனியல் அறிஞர் ஹென்றி ஃபவுலர் மற்றொருவர். அந்நாளில் மார்லின் இனங்களின் வகைப்பாட்டில் குழப்பம் மிகுந்திருந்தது. மீன்களை அளந்து, வரைந்து, படமெடுத்து ஹெமிங்வே அவர்களுக்கு உதவினார். நன்றிக்கு அடையாளமாக ஃபவுலர் 1935-இல் ஒரு கடல் மீனுக்கு ஹெமிங்வேயின் பெயரையே அறிவியல் பெயராகச் சூட்டினார்.

இதையெல்லாம் படிக்கும்போது அவரைப் பெரிய மகான் என்று எண்ணிவிட வேண்டாம். தற்பெருமை மிகுந்தவர்; போட்டி மனப்பான்மை உடையவர். குடியும் கோபமும் நண்பர்களையும் மனைவியரையும் பலமுறை காயப்படுத்தின. 1935 ஏப்ரலில் பஹாமாவின் பிமினி தீவுக்குப் புறப்பட்ட அன்றே, படகருகே இழுத்த சுறாவைச் சுடப்போய்த் தம் கால்களிலேயே குண்டு பாய்ச்சிக்கொண்டார். புறப்பட்ட கரைக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

காயம் ஆறியபின் பிமினிக்குப் போனபோது நடந்த சம்பவம் இன்னும் கசப்பானது. அவருடைய நண்பரும் ஓவியருமான ஹென்றி ஸ்ட்ரேட்டர் மாபெரும் மார்லின் ஒன்றைத் தூண்டிலில் மாட்டினார். அது படகை நெருங்கும் நேரம் சுறாக்கள் வந்தன. ஹெமிங்வே இயந்திரத் துப்பாக்கியை எடுத்துச் சுறாக்களை நோக்கிச் சுட்டார். நீரில் கலந்த இரத்தம் மேலும் பல சுறாக்களை அழைத்தது. மீனின் பின்பகுதி பறிபோனது. மிஞ்சியதே 500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 227 கிலோ இருந்தது. அந்தத் துப்பாக்கியால்தான் தம் மீன் பாழானது என்ற மனக்குறை ஸ்ட்ரேட்டருக்கு இருந்தது. பாதி தின்னப்பட்ட அந்த மீனுக்கருகில் இருவரும் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. பிடித்தவர் யார், கெடுத்தவர் யார் என்பதை அந்தப் படம் மட்டும் நமக்குச் சொல்லாது.

பதினைந்து ஆண்டுகள் காத்த கதை

1936 ஏப்ரலில் எஸ்குவயர் இதழில் ஹெமிங்வே நீல நீரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கியூபக் கரையோரம் வழங்கிவந்த ஓர் உண்மை நிகழ்ச்சியை அதில் ஒரே ஒரு பத்தியில் சொன்னார். தனியாகக் கடலுக்குப் போன ஒரு முதியவரின் தூண்டிலில் பெரிய மார்லின் மாட்டிக்கொண்டது. அது அவருடைய சிறு படகை நெடுந்தூரம் இழுத்துச் சென்றது. இரண்டு நாள் கழித்து மீனவர்கள் அவரைக் கண்டெடுத்தபோது, படகோடு கட்டப்பட்டிருந்த மீனில் பாதிகூட மிஞ்சவில்லை. எஞ்சியதே 800 பவுண்டு இருந்தது. இரவும் பகலும் சுறாக்களைத் துடுப்பால் அடித்தும் கத்தியால் குத்தியும் சோர்ந்துபோன அந்த முதியவர் அழுதுகொண்டிருந்தார். சுறாக்கள் அப்போதும் படகைச் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்த ஒரு பத்தியைக் கட்டுரையில் எழுதியதோடு அவர் விட்டுவிடவில்லை. அவசரப்பட்டு அதைக் கதையாக்கவும் இல்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1939-இல், தம் பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அதை எழுதும் ஆசையைச் சொன்னார். அதற்குமுன் கார்லோஸின் சிறு படகில் தாமே போய், எல்லாவற்றையும் சரியாகத் தெரிந்துகொள்ளப் போவதாகவும் குறிப்பிட்டார். நூற்றுக்கணக்கான மணி நேரம் கடலில் கழித்தவர், மார்லினை அளந்து அறிஞர்களுக்கு உதவியவர். அப்படிப்பட்டவருக்கே தாம் அறிந்தது போதாது என்று தோன்றியிருக்கிறது. ரீலும் நாற்காலியும் இயந்திரமும் உள்ள படகில் மீன் பிடிப்பது வேறு, கயிறு உள்ளங்கையை அறுக்கத் தனியாகப் பிடிப்பது வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் நிறுத்தி வைத்த இடம் இதுதான்.

ஹவானாவுக்கு வெளியே ஃபின்கா விஹியா என்னும் வீட்டில் அவர் குடியேறினார். பிலார் படகு கோஹிமார் என்ற மீனவக் கிராமத்தில் நின்றது. கேனரித் தீவுகளில் பிறந்த கிரெகோரியோ ஃபுவென்டெஸ் கார்லோஸுக்குப் பின் படகின் பொறுப்பை ஏற்றார். ஆண்டுகள் ஓடின. உள்நாட்டுப் போரில் சிக்கிய ஸ்பெயினைக் களமாகக் கொண்ட நாவல் 1940-இல் பெரும் வெற்றி பெற்றது. பிறகு பத்தாண்டுகள் அவரிடமிருந்து நாவலே வரவில்லை. 1950-இல் வந்த நாவலையோ விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினர். ஹெமிங்வேயின் காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சு எழுந்தது.

அந்தச் சோர்வான நேரத்தில்தான், 1951-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பழைய ஒரு பத்திக் கதையை அவர் கையில் எடுத்தார். ஏறக்குறைய எட்டு வாரத்தில் எழுதி முடித்தார். எண்பத்து நான்கு நாள் மீனே கிடைக்காத சாந்தியாகோ என்ற முதியவர், அவரை நேசிக்கும் ஒரு சிறுவன், ஒரு மீன், சில சுறாக்கள். கதை இவ்வளவுதான். பணக்காரப் படகுக்காரர் எவரும் அதில் நாயகராக இல்லை. தம்மைப்போன்ற ஒருவரை நாயகராக்காமல், தமக்குக் கற்றுக்கொடுத்தவர்களைப் போன்ற ஒருவரை ஹெமிங்வே நாயகராக்கினார். வெறும் எலும்புக்கூட்டோடு கரை சேரும் கிழவர், பெரிய மீன்களோடு படமெடுத்துக்கொண்ட எல்லாரையும்விட உயர்ந்து நிற்கிறார்.

1952 செப்டம்பரில் லைஃப் இதழ் அந்த நாவலை முழுமையாக வெளியிட்டது. இரண்டே நாளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. 1953-இல் புலிட்சர் பரிசும் 1954-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசும் வந்தன. நோபல் பரிசு பெற்ற ஆண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு விமான விபத்துகளில் சிக்கியிருந்ததால் உடல் நலிந்து, ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அவரால் போக முடியவில்லை. நோபல் பதக்கத்தை அவர் தம் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கியூப மக்களுக்கென்று கொடுத்துவிட்டார். அது எல் கோப்ரே மாதா ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கரை சேராத கடைசி நாட்கள்

1960-ஆம் ஆண்டில் அவர் கியூபாவை விட்டுப் புறப்பட்டார். பிறகு அங்கே திரும்பவே இல்லை. உடலும் மனமும் நோயுற்றன. தம்மை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்ற அச்சம் அவரை வாட்டியது. மருத்துவமனையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரு வாக்கியம்கூட எழுத வரவில்லை என்று கண்ணீர் விட்டார். 1961 ஜூலை 2-ஆம் நாள், ஐடஹோ மாநிலத்துக் கெட்சம் ஊரில், தந்தை சென்ற வழியிலேயே அவரும் உயிரை மாய்த்துக்கொண்டார்.

துணிவைப் பற்றி எழுதியவர் துணிவிழந்துவிட்டார் என்று சிலர் எளிதாகப் பேசிவிடுகிறார்கள். அது நியாயமன்று. மனநோயும் நோயே. கால் முறிந்தவனைப் பார்த்து ஏன் ஓடவில்லை என்று நாம் கேட்பதில்லை. நம் வளாகத்திலும் சிரித்த முகத்தோடு உள்ளுக்குள் உடைந்து கிடக்கும் நண்பர்கள் இருக்கலாம். அவர்கள் உதவி கேட்பதும், நாம் கேட்காமலே அருகில் போய் உட்காருவதும் கோழைத்தனம் ஆகாது. சாந்தியாகோ நடுக்கடலில் சிறுவன் அருகில் இல்லையே என்று எத்தனை முறை ஏங்குகிறார்! அவ்வளவு வலிமையான மனிதருக்கும் ஒரு துணை வேண்டியிருந்தது.

ஹெமிங்வேயின் மறைவுச் செய்தி கேட்டு கோஹிமார் மீனவர்கள் அவருக்குச் சிலை வைக்க விரும்பினர். சிலைக்கு வெண்கலம் வாங்கப் பணம் இல்லை. தங்கள் படகுகளிலிருந்த பழைய சுழல்விசிறிகளையும் பித்தளைப் பாகங்களையும் கழற்றிக் கொடுத்தார்கள். அவற்றை உருக்கி வார்த்த மார்பளவுச் சிலை 1962-இல் கடலைப் பார்த்தவாறு நிறுவப்பட்டது. பிலார் படகு கிரெகோரியோவுக்கு வந்து, அவர் வழியாக அரசுக்குப் போய், இன்று ஃபின்கா விஹியாவில் காட்சிக்கு நிற்கிறது. கிரெகோரியோ 2002-இல் தமது 104-ஆம் வயதில் காலமானார்.

எழுத்தாளருக்கு அரசு சிலை வைப்பதுண்டு, வாசகர்கள் வைப்பதுண்டு. யாருடைய கதையை எழுதினாரோ அவர்களே தங்கள் படகின் பாகங்களைக் கழற்றிச் சிலை வைத்தது எத்தனை எழுத்தாளருக்கு வாய்த்திருக்கிறது?

பாட்டியின் வாளி

இப்போது என் கதைக்கு வருகிறேன். பாட்டி இளவயதில் தோட்டத்தில் மரம் வெட்டியவர். ஒருநாள் எல்லா மங்கிலும் பால் நிறைந்திருந்த வேளையில் மழை பிடித்துக்கொண்டதாம். மழைநீர் விழுந்தால் பால் வீணாகிவிடும். மரத்துக்கு மரம் ஓடி வாளியில் சேர்த்துக்கொண்டு திரும்புகையில், கால்வாய்ப் பலகையில் வழுக்கி விழுந்து அவ்வளவு பாலும் கொட்டிப்போனது. சிறுவயதில் நான் கேட்ட இந்த நிகழ்ச்சியைத்தான் கதையாக்கினேன். கதைத்தலைவி காலி வாளியோடு லயத்துக்குத் திரும்பி இருட்டில் உட்கார்ந்திருப்பதாக முடித்தேன். நடுவர்கள் அந்த முடிவைப் பாராட்டினார்கள்.

ஹெமிங்வே 1939-இல் எழுதிய கடிதத்தைப் பற்றிப் படித்த பிறகு என் மனம் ஒரு நிலையில் இல்லை. கடந்த தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அந்தக் கதையைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். முறுக்கு மாவு பிசைந்தபடியே கேட்டார். முடித்ததும் முதலில் சிரித்தார். மத்தியான வெயிலில் எவள் மரம் வெட்டுவாள் என்று கேட்டார். விடியுமுன் பெரட்டுக்குப் போய்க் குளிர்ச்சியிலேயே வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தாமான் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். நடுவர்களும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு பாட்டி சொன்னதுதான் என்னை வாயடைக்கச் செய்தது. அன்றோடு கதை முடியவில்லையாம். மறுநாள் காலையில் தாத்தாவும் அவரும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு அதே கால்வாய்க் கரைக்குப் போயிருக்கிறார்கள். கொட்டிய பால் இரவோடு இரவாகப் புல்லிலும் மண்ணிலும் உறைந்து கட்டியாகிக் கிடந்தது. அதைச் சுரண்டிச் சேர்த்து, மண்ணைத் தட்டிவிட்டு, நிறுத்துப் போட்டிருக்கிறார்கள். நல்ல பாலுக்குக் கிடைக்கும் பணம் அதற்குக் கிடைக்காது. ஆனாலும் ஏதோ கிடைத்தது. விழுந்ததற்காக அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவார்கள் என்றார்.

நான் அவரைக் காலி வாளியோடு இருட்டில் உட்கார வைத்துவிட்டேன். அவரோ மறுநாளே சாக்கோடு எழுந்து போனவர். கதையின் உயிரே அந்தச் சாக்கில்தான் இருந்திருக்கிறது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு அது கிடைத்திருக்கும். கேட்காமலே பரிசு வாங்கிவிட்டேன்.

பரிசுத் தொகை எவ்வளவு என்று பாட்டி கேட்டார். இருநூறு ரிங்கிட் என்றேன். அதில் தமக்கு வெற்றிலை பாக்குக்காவது ஏதேனும் உண்டா என்று கேட்டுவிட்டு மறுபடி மாவைப் பிசைந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நண்பர்களே, நம்மில் பலர் தோட்டத்தைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் கதை எழுதுகிறோம், கவிதை எழுதுகிறோம். அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். உலகமே போற்றிய எழுத்தாளர் ஒருவர், கடலைத் தமக்குத் தெரியும் என்ற எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு மீனவரின் சிறு படகில் ஏறத் தயாராக இருந்தார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையும் இல்லை. அடுப்படி வரை போனால் போதும்.

அந்தக் கதையை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாட்டியிடம் கேட்க வேண்டியவை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் இதுவரை முப்பத்தொரு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. மாமாவும் அடுத்த விடுமுறையில் குவாலா ரொம்பினுக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறார். பாக்சிக்கின் பெயரைக் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெற்றிலை பாக்கை மட்டும் நான் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.